நாளுக்குப் பதினோரு அடி

பூக்கள் பூத்திருந்த மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை காலை எட்டே காலுக்கு, ஊருக்கு வடக்கே கடலுக்குள் நீண்டிருந்த நிலமுனை கரையை விட்டுக் கிளம்பியது. சத்தம் இல்லை, ஆட்டம் இல்லை. முதலில் ஒரு கை நுழையும் அளவுக்கு விரிசல் தெரிந்தது. மத்தியானத்துக்குள் ஒரு நாய் தாண்டும் அளவுக்கு விரிந்தது. சாயங்காலம் அதே நாய் கரையில் நின்று யோசித்துவிட்டுத் திரும்பிப் போனது. முனையின் மேல் அப்போது ஆட்கள் யாரும் இல்லை. நகரசபை போட்ட சிமெண்ட் பெஞ்சு ஒன்று, ‘பூக்களைப் பறிக்காதீர்கள்’ என்ற தகரப் பலகை ஒன்று, ஆறு ஏக்கர் காட்டுப்பூ, அவ்வளவுதான். துறைமுக அலுவலக எழுத்தர் அதைப் புறப்படும் கப்பல்களின் பதிவேட்டில் ஏற்றினார். ‘சரக்கு’ என்ற இடத்தில் ‘பூ’ என்று எழுதினார். ‘கேப்டன்’ என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு கோடு இழுத்தார். நில அளவைக்காரர் ஒன்பது நாள் கருவியை வைத்துப் பார்த்து, முனை நாளுக்குப் பதினோரு அடி போகிறது, கூடவுமில்லை குறையவுமில்லை, ஞாயிற்றுக்கிழமையும் லீவு எடுப்பதில்லை என்று அறிக்கை கொடுத்தார். முதல் வாரம் கடற்கரையில் கூட்டம் நெரிந்தது. இரண்டாம் வாரம் மீன் விலை ஏறியது. ஜனங்கள் அதைப் பேசப் போய்விட்டார்கள்.

முனை போனதில் நேரடியாகப் பாதிக்கப்பட்டது ஒரே ஒரு ஜன்னல். துறைமுகத் தெரு மூன்றாவது வீட்டின் மாடி அறையில், அந்த ஜன்னலோரமாக, ஒன்பது வருஷமாக ஒரு பெண்மணி படுத்திருந்தாள். முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற மறு மாதமே மாடிப்படியில் உருண்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. கட்டிலில் படுத்தபடி பார்த்தால் தெரு தெரியாது, ஆள் நடமாட்டம் தெரியாது. முனை மட்டும் தெரியும். வருஷத்தில் ஆறு வாரம் அது பூக்கும். மீதி நாற்பத்தாறு வாரமும் அவள் அந்த ஆறு வாரத்துக்காகக் காத்திருப்பாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி வீட்டில் இருந்தாள். அவளைக் கேட்டால், தம்பிதான் தன் வீட்டில் இருக்கிறான் என்பாள்.

தம்பி பஸ் கண்டக்டர். சொந்த மாமனாரைக்கூட டிக்கெட் வாங்காமல் படியேற விட்டதில்லை என்று பெயரெடுத்த மனுஷன். அவன் மனைவிதான் இந்தக் கதைக்கு உரியவள். ஊரார் அவளைப் பல்லம்மா என்று கூப்பிட்டார்கள், ஏனென்றால் அவள் பொய்ப்பல் செய்கிறவள். பல் டாக்டர் அச்செடுத்து அனுப்புவார். வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து அவள் மெழுகில் செதுக்கி, வார்த்து, நிறம் ஏற்றிக் கொடுப்பாள். பதினாறு சின்னப் பற்கள் வரிசையாக மாட்டிய ஒரு பட்டை அவளிடம் இருந்தது. வெளுப்பிலிருந்து பழுப்பு வரை பதினாறு நிறம். டாக்டர் சீட்டில் எழுதி அனுப்பும் நிறத்தை அவள் நம்பமாட்டாள். ஆளையே வரச் சொல்லி, வடக்குப் பார்த்த ஜன்னல் வெளிச்சத்தில், காலை பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே, வாயைத் திறக்க வைத்து ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பாள். வெள்ளை என்று மற்றவர்கள் சொல்வதில் அவளுக்கு முப்பது வகை தெரியும்.

இந்த ஒழுங்கெல்லாம் பல் விஷயத்தில் மட்டும். மற்றபடி ஆரம்பித்த எதையும் அவள் முடித்ததாகச் சரித்திரம் இல்லை. ஒரு கையோடு நின்றுபோன ஸ்வெட்டர் ஒன்று பெட்டியில் கிடந்தது. வீட்டு மதில்சுவர் ஏழு வருஷமாகப் பாதி நீலம், பாதி பழைய பச்சை. ஐம்பத்தோராவது வயதில் சனிக்கிழமை ஓவிய வகுப்பில் சேர்ந்து, மூன்றடிக்கு நாலடி கான்வாஸ் ஒன்றை வாங்கி வந்து, பூத்த முனையை எண்ணெய் வண்ணத்தில் தீட்டப்போகிறேன் என்று அவள் சொன்னபோது, நாத்தனார் தம்பியைப் பார்த்து, “எங்க மாட்டறதுன்னு இப்பவே ஆணி அடிச்சு வச்சிடாதடா” என்றாள். நாத்தனார் சொன்னது போலவே வானமும் பாதிக் கடலும் தீட்டியதோடு கான்வாஸ் அலமாரிக்குப் பின்னால் போய்விட்டது. நாத்தனாரும் பல்லம்மாவும் ஒருவரோடு ஒருவர் நேராகப் பேசி ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஒரே அறையில் இருந்தாலும் சேதி கண்டக்டர் வழியாகத்தான் போகும். என்ன காரணத்துக்காகப் பேச்சு நின்றது என்று இருவருக்குமே நினைவில்லை. ஆனால் அது சாதாரணக் காரணமில்லை என்பதில் இருவருக்கும் சந்தேகமும் இல்லை. பேச்சு இல்லையே தவிர, குளிப்பாட்டுவது, தலை வாருவது, மாதம் முதல் தேதி நகம் வெட்டுவது எல்லாம் பல்லம்மாதான் செய்தாள். வாயைத் திறக்காமல் செய்தாள்.

முனை போன பிறகு வந்த முதல் தேதி, நகம் வெட்டும்போது, நாத்தனாரின் கட்டைவிரல் நகம் வெளுத்திருப்பதைக் கவனித்தாள். தொழில்புத்தி, பட்டையை எடுத்து வந்து வைத்துப் பார்த்தாள். பதினாறாவது பல்லின் பழுப்பு நிறத்தில் எப்போதும் இருந்த நகம் பதினைந்தாவதற்கு வந்திருந்தது. அடுத்த முதல் தேதி பார்த்தால் பதினாலு. டாக்டர் வந்து ரத்தம் எடுத்தார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், வியாதி ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார். ஆனால் உள்ளங்கையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எதிர்ப்பக்கம் இருக்கும் தண்ணீர்ச் செம்பின் விளிம்பு லேசாகத் தெரிந்தது. சாப்பாட்டுத் தட்டு பாதி அப்படியே திரும்பி வந்தது. கண்டக்டர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, “ஏன்க்கா இப்படிப் பண்றே?” என்று கேட்டான்.

“நான் ஒண்ணும் பண்ணலை. பார்க்கறதுக்கு ஒண்ணுமில்ல. அப்புறம் எதுக்கு முழிச்சிட்டு இருக்கணும்?”

ஜன்னலுக்கு வெளியே சப்பையான கடல் மட்டும் இருந்தது. படுத்த கண்ணுக்கு எட்டும் கோணத்தைவிட்டு முனை விலகிப் போயிருந்தது. பல்லம்மா கையில் நகவெட்டியோடு நின்றாள். பட்டையில் இன்னும் எத்தனை பல் இருக்கிறது என்று மனசுக்குள் கணக்குப் போட்டாள். பிறகு ஆறு வருஷத்துக்கு அப்புறம் முதல்தடவையாக நாத்தனாரிடம் நேராகப் பேசினாள்.

“அண்ணி, நான் முடிச்சுத் தர்றேன்.”

கண்டக்டர் திடுக்கிட்டு எழுந்துவிட்டான். இனி தனக்கு இங்கே வேலை இல்லையோ என்று அவனுக்குத் தோன்றியது.

“எதை முடிக்கப் போறே?” என்றாள் நாத்தனார், சுவரைப் பார்த்தபடி.

“படத்தை. முடிச்சு இந்த ஜன்னல்லயே வைக்கிறேன்.”

“நீயா?”

“நான்தான்.”

“எத்தனை காலத்துல?”

“பதினாலு மாசத்துல.”

நாத்தனார் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். “அதுல கொடி கட்டின கப்பல், பறக்கற பறவை, அதெல்லாம் நீயா சேர்க்கக் கூடாது. இருந்தது இருந்தபடி வேணும்” என்றாள். பேரம் அத்தோடு முடிந்தது.

ஓவிய வாத்தியார் நல்ல மனிதர், தபால் ஆபீஸ் மாடியில் வகுப்பு நடத்திவந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மனசில் இருக்கும் முனையை வரைந்துவிடுங்கள், பெரிய ஓவியர்களெல்லாம் அப்படித்தான் என்றார். பல்லம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “மனசுல இருக்கறது பாதி பொய் சார். வாயைப் பார்க்காம பல்லு செஞ்சா கடிக்குமா?” என்று கேட்டாள். அசல் எங்கே இருக்கிறதோ அங்கே போய், ஜன்னலிலிருந்து எவ்வளவு தூரத்தில் எவ்வளவு உயரத்தில் தெரிந்ததோ அதே கணக்கில் நின்று, பொருத்திப் பார்த்துத்தான் நிறம் வைப்பேன் என்று சொல்லிவிட்டாள். ஜன்னலுக்கும் முனைக்கும் பழைய தூரம் அறுநூறு அடி. ஜன்னலின் உயரம் தண்ணீரிலிருந்து இருபத்திரண்டு அடி. ஆக, முனைக்கு அறுநூறு அடி முன்னால், கடலுக்கு இருபத்திரண்டு அடி மேலே, அவளுக்கு ஓர் இருக்கை தேவைப்பட்டது.

கண்டக்டருக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. பாலத்தின் மேல் பஸ் போகும்போதே கண்ணை மூடிக்கொள்கிறவன். ஆனாலும் அவன்தான் நண்டு பிடிக்கிறவரிடம் கெஞ்சி இரண்டு பழைய படகுகளை வாங்கி வந்து சேர்த்துக் கட்டினான். டிப்போவில் கழித்துப் போட்ட பஸ்ஸிலிருந்து ஜன்னலோர இருக்கை ஒன்றைக் கழற்றி வந்து, நாலு கம்பம் நட்டு, இருபத்திரண்டு அடி உயரத்தில் பலகையடித்து அதன் மேல் முடுக்கினான். கவிழாமல் இருக்க அடியில் மணல் மூட்டை போட்டான். கடல் தெரிந்தவர்கள் வந்து பார்த்து, இது நிச்சயம் கவிழும் என்றார்கள். அது கவிழவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும். அவன் தன் ஷிப்டை மத்தியானத்துக்கு மாற்றிக்கொண்டு, தினம் காலையில் வாந்தி எடுத்துக்கொண்டே துடுப்புப் போட்டான். மேலே இருக்கிறவளுக்கும் கீழே இருக்கிறவனுக்கும் காற்றில் பேச்சு கேட்காது என்பதால் விசில் வைத்துக்கொண்டார்கள். அவள் ஒரு விசில் கொடுத்தால் நிறுத்தவேண்டும், இரண்டு கொடுத்தால் போகலாம். இருபத்தாறு வருஷ சர்வீஸில் விசிலுக்குக் கீழ்ப்படிவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

பூக்கள் வாடவில்லை. கரையிலிருந்தபோது ஆறே வாரத்தில் உதிர்ந்தவை, கடலில் போகத் தொடங்கியபின் உதிரும் நாளை மறந்துவிட்டன போலும். மழைக்காலத்திலும் பூத்திருந்தன, குளிரிலும் பூத்திருந்தன. தரையோடு மெத்தை போல அப்பிக்கொண்டு இளஞ்சிவப்புத் தலைகளை நீட்டும் மெத்தைப்பூ, பின்பக்கம் ஊதின பை வைத்திருக்கும் வெள்ளைப் பைப்பூ, பாறை இடுக்கில் முட்டைக்கரு நிறத்தில் மஞ்சள் கொத்து, இவை மூன்றும்தான் பெரும்பான்மை. மற்றவற்றுக்கு ஊரில் பெயர் வைத்தவர் யாருமில்லை. அது பின்னால் பெரிய தொல்லையாகும் என்று பல்லம்மா நினைத்திருந்தாள். ஆனால் முதல் நாள் அவள் வரைந்துவந்த பென்சில் கோடுகளைப் பார்த்துவிட்டு நாத்தனார், “பதினேழு எங்க?” என்று கேட்டாள்.

“என்ன பதினேழு, அண்ணி?”

“பெஞ்சோட இடது கைக்குக் கீழ ஒரு புதர். அதுதான் பதினேழு. அதுக்குப் பக்கத்துல பதினெட்டு, கொஞ்சம் குட்டை. நீ ரெண்டையும் ஒரே லைன்ல போட்டிருக்கே. கிராஸ் டாக் ஆகும், ஒண்ணோட பேச்சு இன்னொண்ணுல விழும்.”

ஒன்பது வருஷத்தில் நாத்தனார் முனையிலிருந்த ஒவ்வொரு புதருக்கும் எக்ஸ்சேஞ்ச் லைன் மாதிரி நம்பர் போட்டு வைத்திருந்தாள். மொத்தம் அறுபத்திநாலு. எந்த நம்பர் எந்த வாரம் மொட்டு விடும், எது காற்றில் எந்தப் பக்கம் சாயும், எது எதோடு பேசிக்கொள்ளும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அன்றிலிருந்து பல்லம்மா காலையில் முனைக்கு நேரே உட்கார்ந்து நிறம் பார்த்தாள். சாயங்காலம் கட்டிலுக்கு நேரே உட்கார்ந்து இடம் கேட்டாள். நாற்பத்தொன்று இன்னும் ஒரு விரற்கடை மேலே, அம்பத்திரண்டுக்கு அவ்வளவு பச்சை கிடையாது, ஒன்பது எப்பவுமே என்கேஜ்டு, அதில் தேனீ இருக்கும், அதையும் போடு. பல்லம்மா போட்டாள். ஆறு வருஷப் பேச்சு மொத்தமும் நம்பர்களாக இறங்கிக்கொண்டிருந்தது. கண்டக்டர் அறை வாசலில் நின்று, இனி நடுவில் சேதி சுமக்கத் தேவையில்லாத கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிக்கொண்டான்.

முனை கிளம்பிய ஐந்தாவது மாதம் காரியம் கெட்டது. எண்ணெய் வண்ணத்தில் அடியில் இருப்பது மெலிசாக, டர்பன்டைன் அதிகமாக, சீக்கிரம் காய்வதாக இருக்கவேண்டும். மேலே போகப் போகத்தான் எண்ணெய் கூடலாம். வாத்தியார் இதைக் கரும்பலகையில் எழுதியே போட்டிருந்தார். பல்லம்மா பட்டையில் குறையும் பற்களைப் பார்த்துப் பார்த்து அவசரப்பட்டாள். ஈரம் காயாத கொழுத்த வண்ணத்தின் மேல் மெலிசான வண்ணத்தை இழுத்தாள். ஒரு காலை, மூடியிருந்த துணியை எடுத்துப் பார்த்தபோது, முப்பதாம் நம்பரிலிருந்து கடல் வரை, வெயிலில் வெடித்த குளத்துத் தரை மாதிரி விரிசல் ஓடியிருந்தது. அவள் கான்வாஸை மாடிக்குத் தூக்கிப்போய் நாத்தனார் முன்னால் வைத்தாள். ஒளிக்கவேண்டும் என்று தோன்றவில்லை. நாத்தனாருக்கு அப்போது பதினொன்றாவது பல்லின் நிறம். கையை நெஞ்சின் மேல் வைத்திருந்தால் சேலையின் கட்டம் கைக்குள்ளால் தெரியும்.

“சுரண்டணும்” என்றாள் பல்லம்மா.

“எவ்வளவு?”

“துணி தெரியற வரைக்கும். மூணு மாச வேலை.”

மதில்சுவரைப் பற்றி ஏதாவது வரும் என்று எதிர்பார்த்துக் கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டான். நாத்தனார், “இங்கயே உட்கார்ந்து சுரண்டு. கீழ போய்த் தனியா அழாதே” என்றாள். பல்லம்மா பல் செதுக்கும் கத்தியை எடுத்து வந்து அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். இரண்டு நாள் சுரண்டினாள். சுருள் சுருளாக விழுந்த இளஞ்சிவப்பும் மஞ்சளும் பாய் முழுக்கக் கிடந்தன. பெருக்கி அள்ளியபோது ஒரு முறம் நிறைய இருந்தது. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அவள் மறுபடியும் பஸ் இருக்கையில் இருந்தாள். இம்முறை அடியிலிருந்து, மெலிசாக, மண் நிறத்திலிருந்து தொடங்கினாள்.

அதற்குப் பிறகு அவள் எதற்கும் அவசரப்படவில்லை, எதற்காகவும் நிற்கவும் இல்லை. மழையில் குடையைக் கம்பத்தோடு கட்டிக்கொண்டு தீட்டினாள். எண்ணெய் மேல் கடல்நீர் ஒட்டாது, உருண்டு ஓடிவிடும். ஆனால் உப்பு மட்டும் தங்கியது, பாறைகளுக்கு அது பொருந்தியும் போனது. பல் வேலை பின்னறையில் குவிந்தது. நகரசபைத் தலைவர் மேல்வரிசைப் பல்லுக்காக நாலு மாதம் காத்திருந்தார். அந்த நாலு மாதமும் அவர் பேசிய கூட்டங்களில் ஒரு வார்த்தைகூட யாருக்கும் புரியவில்லை, எதிர்க்கட்சியும் முதன்முறையாக ஒன்றையும் ஆட்சேபிக்கவில்லை. வாத்தியார் இரண்டு தடவை படகில் வந்து பார்த்தார். இரண்டாம் தடவை சொல்லித்தருவதற்கு ஒன்றும் இல்லாமல், தூரிகைகளைக் கழுவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

முனை நாளுக்குப் பதினோரு அடி போய்க்கொண்டே இருந்தது, படகும் அறுநூறு அடி பின்னால் போய்க்கொண்டே இருந்தது. ஒரு வருஷம் ஆனபோது படகு நிற்கவேண்டிய இடம் முக்கால் மைல் மிதவைக்கு வந்துவிட்டது. எஞ்சின் இல்லாத படகு அந்தச் சிவப்பு மிதவையைத் தாண்டக் கூடாது என்பது துறைமுகச் சட்டம். மிதவையிலேயே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. கண்டக்டர் துடுப்பை நிறுத்தினான். மேலிருந்து இரண்டு விசில் வந்தது. அவன் போகவில்லை. மறுபடி இரண்டு விசில். அவன் எழுத்துகளை ஒருமுறை படித்தான், இன்னொருமுறை படித்தான். கரையைத் திரும்பிப் பார்த்தான். அங்கிருந்து தன் வீட்டு மாடி ஜன்னல் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. காலையில் அக்காவுக்குத் தலையணையைச் சரிசெய்யப் போனபோது, தலையணை உறையின் பூவேலை அவள் கன்னத்துக்குள்ளால் தெளிவாகத் தெரிந்ததும், “என்னடா முறைக்கறே, போய் வேலையப் பாரு” என்ற குரல் மட்டும் முழுசாக இருந்ததும் அவனுக்கு நினைவு வந்தது. மேலே தலையைத் தூக்கிக் கத்தினான்.

“விதிமீறல்மா இது!”

“தெரியும்!” என்று மேலிருந்து பதில் வந்தது.

“தெரிஞ்சா சரி!” என்று சொல்லிவிட்டு அவன் துடுப்பை அழுத்தினான். மிதவை படகின் பக்கவாட்டில் இரண்டு தடவை இடித்துவிட்டுப் பின்னால் போனது. அன்றிலிருந்து அவனுக்கு வாந்தி நின்றுவிட்டது. துறைமுக எழுத்தர் தொலைநோக்கியில் இதைப் பார்த்தார். எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்று தெரியாததால் பார்க்காதது போல இருந்துவிட்டார்.

பைப்பூக்களைக் கடைசிக்கு வைத்திருந்தாள் பல்லம்மா. சுற்றியிருப்பது எல்லாம் தன் நிறத்துக்கு வந்த பிறகுதான் வெள்ளையை வைக்கமுடியும் என்பது அவளுக்குத் தொழிலில் தெரிந்த விஷயம். பக்கத்துப் பல்லைப் பார்க்காமல் ஒரு பல்லுக்கு நிறம் இல்லை. டப்பாவில் வரும் வெள்ளை, அவள் பார்வையில், வெள்ளையே இல்லை. அதில் ஊசிமுனை அளவு மஞ்சள், ஊசிமுனை அளவு சாம்பல், சில சமயம் ஈறின் நிறம் ஒரு துளி சேர்த்து, ஒரு பூவுக்கு ஒரு காலைப் பொழுதைக் கொடுத்தாள். பதினைந்தாவது மாதம் நாத்தனாரின் நகம் முதல் பல்லின் நிறத்துக்கு வந்தது. பதினாறாவது மாதத்து முதல் தேதி பட்டையில் வைத்துப் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. வெட்டிய நகம் தரையில் விழுந்த சத்தம் கேட்டது, எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. கட்டிலில் இருந்தது கழுவிக் கவிழ்த்த கண்ணாடி டம்ளர் மாதிரி ஓர் ஓரக்கோடு. அந்த ஓரக்கோடு, “அறுபத்திமூணு போட்டாச்சா?” என்று கேட்டது.

“போட்டாச்சு. அறுபத்திநாலு பாக்கி.”

“அது கடல் ஓரத்துல இருக்கும். சாயங்காலம் நிழல் விழும். காலைல போடு.”

“சரிங்க அண்ணி.”

“பயப்படறியா?”

“ஆமா.”

“கை நடுங்கினா ரெண்டு பூ கூடுதலா விழும். நடுங்காம போடு.”

மறுநாள் கடல் கொந்தளிப்பாக இருந்தது. மீன்பிடிக்க யாரும் போகவில்லை. அவர்கள் போனார்கள். பஸ் இருக்கை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பத்தடி ஆடியது. ஒவ்வோர் ஆட்டத்திலும் அறுபத்திநாலாம் நம்பர் கண்ணுக்கு நேரே வரும் ஒரு நொடியில் பார்த்துக்கொண்டு, அடுத்த ஆட்டத்தில் அது நேரே வரும் நொடியில் தூரிகையை வைத்தாள். பத்து மணிக்குத் தொடங்கி பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது முடித்தாள். கையெழுத்துப் போட மறந்துவிட்டாள். கடைசிவரை போடவே இல்லை. விசில் ஒன்று கொடுத்தாள், பிறகு இரண்டு கொடுத்தாள், பிறகு எதற்கு எது என்று தெரியாமல் ஊதிக்கொண்டே இருந்தாள். கீழே கண்டக்டர் படகைத் திருப்பினான்.

படம் ஜன்னல் சட்டத்துக்குள் அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது. கான்வாஸை வைத்து அடைத்தால் அறை இருட்டாகிவிடும் என்று கண்டக்டர் பல்பு வாங்கி வந்திருந்தான். தேவைப்படவில்லை. வெளிச்சம் முன்பு எப்படி வந்ததோ அப்படியே படத்தின் வழியாக வந்தது, காலையில் வலப்பக்கமிருந்தும் மாலையில் இடப்பக்கமிருந்தும். பல்லம்மா கட்டிலின் கால்மாட்டில், கையில் காயாத வண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஒன்றிலிருந்து அறுபத்திநாலு வரை அந்த ஓரக்கோடு முணுமுணுத்துக்கொண்டே போவது கேட்டது. சாயங்காலம் நாலு மணிக்கு முணுமுணுப்பு நின்றது.

“இருபத்தெட்டுல ஒரு பூ குறையுது.”

பல்லம்மா எழுந்துபோய் எண்ணினாள். குறைந்தது உண்மைதான். சுரண்டியதற்குப் பிறகு மறுபடி தீட்டும்போது விட்டுப்போயிருக்கிறது. வண்ணப் பலகையில் மிச்சமிருந்த இளஞ்சிவப்பைத் தொட்டு, “இங்கயா?” என்று கேட்டாள். “கொஞ்சம் கீழ. இன்னும் கீழ. நிறுத்து. போடு.” போட்டாள். அரிசி அளவு இருக்கும்.

“முடிச்சுட்டே” என்றாள் நாத்தனார்.

“முடிச்சுட்டேன் அண்ணி.”

“சரி, பசிக்குது. தட்டை எடுத்துட்டு வா.”

அன்று சாப்பாட்டுத் தட்டு காலியாகத் திரும்பியது. மறுநாள் காலை பல்லம்மா பட்டையை எடுத்துப்போய் வைத்துப் பார்த்தாள். முதல் பல் பொருந்தியது. நாலு மாதத்தில் நாத்தனார் முழு ஆளாகக் கட்டிலில் தெரிந்தாள், ஆனால் பழைய நிறத்துக்குப் போகவில்லை. நிறம் எங்கிருந்து வந்ததோ அதன் கணக்கில்தான் வந்தது. இடது மணிக்கட்டில் மெத்தைப்பூவின் இளஞ்சிவப்பு, காதுமடலில் மஞ்சள், கழுத்தோரம் ஆழம் குறைந்த கடலின் பச்சை. குளிப்பாட்டும்போது அழுத்தித் தேய்த்தால் வண்ணத்தில் சேர்க்கும் ஆளிவிதை எண்ணெய் வாசனை வரும். பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்த்துவிட்டு, முன்பைவிட இது எடுப்பாக இருக்கிறது என்றாள். படம் கடைசிவரை முழுசாகக் காயவில்லை. வருஷத்தில் நாற்பத்தாறு வாரம் அதில் வெறும் பச்சையும் பாறையும் இருக்கும், ஆறு வாரம் பூக்கும். நாத்தனார் மீண்டும் காத்திருக்கத் தொடங்கினாள், நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே காத்திருந்தாள். பல்லம்மா பின்னறைக்குத் திரும்பி, குவிந்து கிடந்த எழுபத்திமூன்று பல்செட்டுகளை ஒரு வருஷத்தில் முடித்துக் கொடுத்தாள். முனை இன்னமும் போய்க்கொண்டிருக்கிறது. அதை வழியில் சந்திக்கிற கப்பல்கள் ஒலி கொடுத்து ஒதுங்கிப் போவதாகச் சொல்கிறார்கள்.

ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் உயிரோடு இருப்பதை வருஷத்துக்கு ஒருமுறை நேரில் வந்து உறுதி செய்வதற்காக, படம் வைத்த மூன்றாம் வருஷம் ஒரு புது அலுவலர் வந்தார். பூக்கும் சமயம். அவர் மாடியேறி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, படிவத்தைத் தொடைமேல் விரித்து, பெயர், வயது, கடைசியாக வேலை பார்த்த இடம் எல்லாம் கேட்டு நிரப்பினார். ‘அங்க அடையாளம்’ என்ற இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தார். நாத்தனார் இடது கையைத் திருப்பி நீட்டினாள். மணிக்கட்டில் ஏழு மெத்தைப்பூக்கள் இருந்தன, எட்டாவதாக ஒரு மொட்டு அப்போதுதான் விரிந்துகொண்டிருந்தது. அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணினார்.

“மொட்டையும் சேர்க்கணுமாங்க?” என்று கேட்டார்.

“சேர்த்துக்கோங்க. நீங்க கீழ இறங்கறதுக்குள்ள பூத்துடும்” என்றாள் நாத்தனார்.

அவர் எட்டு என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார். பல்லம்மா டீ கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு இரண்டு பத்து பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார்.